சவுத் பரேடிலிருந்து சிவாஜிநகர் வரை



பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்தவர்களுக்கு வாரத்தின் மற்ற நாள்களில் வேற்றூரில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவ்வளவாய்த் தோன்றுவதில்லை. வேலை இருக்கிறது, வாடகை இருக்கிறது, பேருந்து நெரிசல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது நெஞ்சில் உறைக்கும். முதல் மணிக்குக் குளித்து, இரண்டாம் மணிக்குப் புறப்பட்டு, மூன்றாம் மணி ஓய்வதற்குள் கோயிலில் அமர்ந்து பழகியவர்கள் நாம். பெங்களூருவில் மணி அடித்தாலும் அது நமக்காக அடிப்பதாகத் தோன்றாது.

இந்த மாதம் அந்த மணிகள் இருக்கும் வீதிகளுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். உங்களில் பலரைப் போலவே நானும் முழுச் சுவிசேஷ சபையொன்றில் ஆராதிக்கிறவன். ஆயினும் நம்மில் எத்தனை பேர் சி.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திருச்சபையின் தொட்டிலில் வளர்ந்தவர்கள்! நாசரேத், மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னவுடனே நம்முடைய கதை பாதி தெரிந்துவிடும். இரட்சிக்கப்பட்டோம், அபிஷேகம் பெற்றோம், வெளியே வந்தோம். வந்தபின் விட்டு வந்த வீட்டைக் குறித்து "உயிரில்லாத சபை" என்று சொல்லவும் கற்றுக்கொண்டோம். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மெட்ரோ ரயிலில் எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்குங்கள். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி இந்நகரத்தின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். இன்று மகாத்மா காந்தி சாலை என்று வழங்கும் இந்த வீதிக்கு வெள்ளைக்காரர் காலத்தில் சவுத் பரேட் என்று பெயர். எதிரே விரிந்து கிடக்கும் அணிவகுப்பு மைதானத்தின் தெற்கு ஓரம் என்று பொருள். பெங்களூருவின் பழைய திருச்சபை வரலாறு முழுவதும் இந்த மைதானத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் முதலில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் படையை நிறுத்தினர். அந்த ஊரின் காய்ச்சலும் கொசுவும் தாங்காமல் 1809இல் பாளையத்தைப் பெங்களூருவுக்கு மாற்றினர். அதுதான் கண்டோன்மென்ட். அந்தப் படையோடு வந்தவர்கள் யார்? சிப்பாய்களும் சமையல்காரரும் குதிரைக்காரரும் கொத்தரும் வியாபாரிகளுமாக, பெரும்பாலும் சென்னை மாகாணத்துத் தமிழர். இன்று கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்திறங்கும் நம் பிள்ளைகள் தாங்களே முதலில் வந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அடுப்பு மூட்டியவர்கள் நம்மவர்கள் இங்கே உண்டு.

நிலையத்திலிருந்து மேற்கே நடந்தால், கப்பன் பூங்காவை நெருங்கும் இடத்தில், வெண்மை நிறமும் குவிமாடமுமாகத் தூய மாற்கு பேராலயம் நிற்கிறது. 1808இல் கட்டத் தொடங்கி 1812இல் முடிந்தது. 1816இல் கல்கத்தா பேராயர் இதைப் பிரதிஷ்டை செய்தார். கல்கத்தா பேராயருக்குப் பெங்களூருவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே பேராயர்தான்; அவர் கல்கத்தாவில் இருந்தார். சென்னைக்குத் தனிப் பேராயம் கிடைத்தது 1835இல். அதன்பின் பெங்களூரு கண்டோன்மென்ட் ஆலயங்கள் சென்னைப் பேராயரின் கீழ் வந்தன. 1923இல் தீ விபத்து ஏற்பட்டு இந்த ஆலயம் பெருஞ்சேதமடைந்தது. 1927இல் மறுபடி எழுந்தது. இன்று கர்நாடக மத்தியப் பேராயத்தின் பேராலயம் இதுவே. அதாவது பேராயரின் இருக்கை இங்கேயிருக்கிறது.

பேராயம் என்றால் என்ன என்று நம்முடைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நம் சபைகளில் போதகர் ஒருவர் ஆரம்பித்தார், அவரோடு சபை வளர்ந்தது என்பதே வழக்கம். பேராய ஆளுகையுள்ள சபையில் அப்படியல்ல. பல சபைகள் சேர்ந்து ஒரு சேகரம். சேகரங்கள் சேர்ந்து ஒரு பேராயம். திருநெல்வேலிப் பக்கம் இதையே திருமண்டலம் என்பார்கள். ஆயர் ஒரு சேகரத்தில் சில ஆண்டுகள் ஊழியஞ்செய்வார். பிறகு மாற்றல் உத்தரவு வரும். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த சேகரத்துக்குப் போய்விடுவார். ஆனால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் அந்தந்த ஆலயத்து அலமாரியில் இருக்கும். ஆயர்கள் வருவார்கள், போவார்கள், ஏடு போகாது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆங்கிலிக்கன் என்றும் மெதடிஸ்டு என்றும் காங்கிரிகேஷனல் என்றும் பிரஸ்பிட்டேரியன் என்றும் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றான விதமும் சொல்லப்பட வேண்டியதே. 1919இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள் அந்தப் பேச்சைத் தொடங்கினர். அவர்களில் முன்னணியில் நின்றவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்ற பெயர் பெற்றவர். பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பதே பெரிய வழக்கு. ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் இல்லாத சபை தலையில்லாத உடல். காங்கிரிகேஷனல்காரருக்கோ பேராயர் என்ற பெயரே கசப்பு. கடைசியில் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரங்களில், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டுமென்று ஆண்டவர் ஜெபித்த யோவான் 17:21 வசனத்தையே இத்திருச்சபை தன் முத்திரை வாக்காக ஏற்றுக்கொண்டது. பெங்களூரு அப்போது மைசூர் பேராயத்தில் சேர்ந்தது. அந்தப் பேராயம் 1970இல் கர்நாடக மத்தி, வடக்கு, தெற்கு என மூன்றாயிற்று.

இனி கிழக்கே நடப்போம். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். கடைகளின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது. சாலையின் கீழ்க்கோடியில் உயர்ந்த கோபுரத்தோடு தூய திரித்துவ ஆலயம். 1851இல் ஆங்கிலப் படையாருக்காகக் கட்டப்பட்டது. எதிரிலுள்ள மெட்ரோ நிலையத்துக்கே டிரினிட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினமும் அந்த நிலையத்தில் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியுமோ! உள்ளே போய்ச் சுவரிலுள்ள பளிங்குக் கற்களைப் பாருங்கள். போரிலும் நோயிலும் இறந்த இளம் சிப்பாய்களும் அவர்களுடைய மனைவிமாரும் குழந்தைகளும் அங்கே பெயராக இருக்கிறார்கள். அவர்களும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தாம்.

தெற்கே ஓசூர் சாலையோரம் சகல பரிசுத்தவான்கள் ஆலயம் இருக்கிறது. இன்று அங்கே போக நமக்கு நேரமில்லை. 2019இல் மெட்ரோ சுரங்கப் பாதைக்காக அதன் வளாக நிலம் கேட்கப்பட்டபோது, சபையார் தங்கள் தோட்டத்து முதிய மரங்களுக்காகக் குரல் எழுப்பினர். மெட்ரோவுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய முதலீட்டு வங்கி வரை முறையீடு போயிற்று. ஜெபக்கூட்டத்தில் மரத்துக்காக ஜெபிப்பார்களா என்று நம்மில் சிலர் சிரித்ததுண்டு. நான் சிரிக்கவில்லை. அந்த நிழலில் ஞாயிறு பள்ளி நடந்திருக்கிறது.

பேராயத்தின் செய்திகள் எல்லாம் இப்படி அழகானவையல்ல. தேர்தல் கட்சிகள், சொத்து வழக்குகள், நீதிமன்றப் படிகள் என்று நாளிதழில் படித்து நீங்களும் வருந்தியிருப்பீர்கள். அவற்றை மூடி மறைத்து எழுதுவது இந்தப் பக்கத்தின் நோக்கமல்ல. ஆனால் வழக்கு நடக்கும் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு ஒரு கோயில்பிள்ளை கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாடல் எண்களைப் பலகையில் செருகுகிறார். அது செய்தியாவதில்லை.

இப்போது வடக்கே திரும்பி, காமராஜ் சாலை வழியாகக் கமர்ஷியல் தெருவுக்கு வாருங்கள். புடவைக் கடைகளும் வளையல் கடைகளும் நெருங்கிய அந்தப் பகுதியை அடுத்து, சிவாஜிநகர் ஓரத்தில், தூய பவுல் ஆலயம் இருக்கிறது. கண்டோன்மென்ட்டிலிருந்த தமிழ் ஆங்கிலிக்கன் சபையாருக்கென்று 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த ஆலயம் இது. இடத்தைக் கவனியுங்கள். துரைமாரின் ஆலயங்கள் அகன்ற வீதியின் இரு முனைகளிலும் புல்வெளியோடு நிற்கின்றன; சமையல்காரரும் குதிரைக்காரரும் தொழுத ஆலயம் சந்தைக்குள் நிற்கிறது. ஒரே பேராயர், ஒரே ஜெப புத்தகம். ஆயினும் தெரு வேறு. நூறாண்டுக்கு மேல் அப்படி இருந்தது. 1947இல் இவையெல்லாம் தென்னிந்தியத் திருச்சபையின் கூரைக்கு வந்தன. வீதிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பேராயத்தில் கன்னடம், தமிழ், ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு என்று பல மொழிகளில் ஆராதனை நடக்கிறது. மாநகராட்சி அலுவலகத்தருகே 1904இல் எழுந்த ஹட்சன் நினைவு ஆலயத்தில் கன்னடம். அவென்யூ சாலையிலுள்ள ரைஸ் நினைவு ஆலயத்திலும் கன்னடம். கிழக்கு பரேட் ஆலயத்தில் மலையாளம். சில ஆலயங்களில் ஒரே நாளில் ஒரு மொழியார் எழுந்து போக மறுமொழியார் வந்து அமர்வார்கள். முந்தியவர் விட்டுச்சென்ற இருக்கைச் சூடு ஆறுமுன்னே பிந்தியவர் முழங்கால் படியிடுவார். வாசலில் இரு கூட்டமும் சந்திக்கும் அந்தப் பத்து நிமிடம் பார்க்க இனிமையானது. கோலார் தங்கவயலும் இந்தப் பேராயத்துக்கு உட்பட்டதே. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின் அக்குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்காகப் பெங்களூருவுக்கு வரத் தொடங்கினர். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் இன்றும் அவர்களைக் காணலாம். பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் பாடகர் வரிசையில் நல்ல குரல் கேட்டால், "தங்கவயலா?" என்று விசாரியுங்கள், பெரும்பாலும் ஆம் என்பார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2003இல் என் தகப்பனார் மரித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் என் தாயாரை நாசரேத்திலிருந்து பெங்களூருவுக்கு அழைத்து வந்தேன். அவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் நான்கு சேலை, ஒரு வேதாகமம், ஒரு பாமாலைப் புத்தகம், கருப்பட்டி ஒரு சிப்பம், ஒரு கடிதம். சேகர குருவானவர் முத்திரையிட்டுக் கொடுத்த சபை மாற்றுக் கடிதம் அது. இன்னார், இன்ன நாளில் ஞானஸ்நானம் பெற்றவர், இன்ன நாளில் திடப்படுத்தல் பெற்றவர், சந்தா பாக்கியில்லை, இவரை உங்கள் சபையில் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன் என்று எழுதியிருந்தது.

"இத எந்தக் கோயில்ல கொடுக்கணும்பா?" என்று கேட்டார்கள்.

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, கர்த்தருக்குக் கடிதம் வேண்டுமா? எங்கள் சபைக்கு வாருங்கள். கைகொட்டிப் பாடலாம்" என்றேன். இரண்டு வாரம் வந்தார்கள். நாங்கள் ஒரு கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்திவந்தோம். ஒலிபெருக்கி அவர்களுக்கு அதிர்ச்சியாயிருந்தது. மூன்றாம் வாரம், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ராசா. ஆனா எனக்கு எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னு தெரியலையே" என்றார்கள். நான் வாயடைத்துப் போனேன்.

வீட்டுக்கருகே இருந்த ஓர் ஆலயத்தின் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தோம். மூன்று மாதம் பதில் இல்லை. போய்க் கேட்டபோது, அங்கே தமிழ் ஆராதனை ஆள் குறைந்து நின்றுபோயிற்றென்றும், ஆங்கில ஆராதனைக்கு வரலாமென்றும் சொன்னார்கள். கடிதத்தைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அம்மா அந்த உறையைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பின்பு கண்டோன்மென்ட் பகுதியிலுள்ள ஒரு பழைய தமிழ்ச் சபைக்குப் போனோம். இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆயர் கடிதத்தை வாசித்தார். எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு வேளையில் என் தாயாரின் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். நோயாளிகளின் பெயர், ஓலை வாசிக்கப்படும் மணமக்களின் பெயர், மரித்தோரின் நினைவுநாள், இவற்றோடு புதிதாய்ச் சேர்ந்தவர் பெயர். சபையாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். பெங்களூருவில் அவர்களுடைய பெயரை யாரோ உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை.

அந்த வாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மூவர் வீடு தேடி வந்தனர். ஒருவர் தங்கவயல், ஒருவர் வேலூர், மூன்றாமவருக்கு நான்கு தலைமுறையாகப் பெங்களூருவே ஊர். அவருடைய தமிழில் கன்னடம் கலந்து வந்தது அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் மாலை ஆறு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் அம்மாவை அழைத்துச் சென்று பின்வரிசையில் காத்திருப்பது வழக்கமாயிற்று. முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்கத் தொடங்கினேன். தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறை 1950இல் வெளிவந்தது. அதில் சமாதானம் கொடுத்தல் என்று ஒரு பகுதி உண்டு. ஆயர் பீடத்தண்டையில் ஒருவருக்குக் கையால் கொடுக்க, அவர் முன்வரிசைக்குக் கொடுக்க, வரிசை வரிசையாகக் கைமாறி அது பின்வாசல் வரை வரும். கேரளத்துச் சுரியானி சபைகளின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தது. பிற்காலத்தில் உலகின் வேறு பல திருச்சபைகளும் தங்கள் ஆராதனை முறையைப் புதுப்பித்தபோது இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. பெயர் தெரியாத முதியவர் ஒருவர் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் என் கைகளை மூடி, சமாதானத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். வாரந்தோறும் அவரே. நான்கு ஆண்டு கழித்து அவர் வராமற்போனபோதுதான் அவர் பெயரை அறிவிப்பில் கேட்டேன்.

ஸ்தோத்திரப் பண்டிகையைக் குறித்துக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வயலில் விளைந்த நெல், முதற்குலை வாழை, பனங்கிழங்கு, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் பீடத்தண்டைக்கு வரும். பெங்களூருவில் யாருக்கு வயல்? யாருக்குத் தோட்டம்? சனிக்கிழமை மாலை ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூசணிக்காயும் கரும்பும் வாங்கி, ஞாயிறு காலையில் கர்த்தருக்குப் படைத்து, பிற்பகல் அதையே ஏலத்தில் விட்டு, தாமே திரும்ப வாங்குகிறார்கள்! முதல் முறை பார்த்தபோது இது என்ன நாடகம் என்று நினைத்தேன். நாற்பது ரூபாய்ப் பூசணி ஆயிரத்து இருநூறுக்குப் போயிற்று. ஒரு சேவல் மூன்று தரம் விற்கப்பட்டது. எடுத்தவர் எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுக்க, ஏலம் போட்டவர் தொண்டை கட்டிப்போனார். சேவலும் அயர்ந்துவிட்டது.

யாரோ உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் வைத்திருந்தார்கள். அம்மா கை தூக்கினார்கள். நூறு, இருநூறு என்று ஏறிற்று. எதிர்த்துக் கேட்டவர் ஓர் இளைஞர். கணினி நிறுவனக் கழுத்துப்பட்டை இன்னும் கழற்றாமல் நின்றார். எழுநூறில் அவர் கையை இறக்கினார். எனக்கு வெட்கமாயிருந்தது, சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சிப்பத்தை வாங்கிய கையோடு அம்மா அதைப் பிரித்து, பாதியை அந்த இளைஞருக்குக் கொடுத்து, "எந்த ஊருப்பா நீ?" என்றார்கள். சாத்தான்குளம் என்றார் அவர். அதன்பின் அவர் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு ஏலக் கணக்கு, ரூபாய் பைசா சகிதம், பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு, கூரைப் பழுதுக்கு இவ்வளவு. நம்முடைய சபைகளில் இப்படி வாசிக்கக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகன் அம்மாவுடன் போவான். அவனுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. அம்மாவுக்குக் கண்புரை முற்றியபோது பாட்டின் அடிகளை யாராவது முன்னே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமை இரவு அம்மா மனப்பாடமாய்ச் சொல்லச் சொல்ல, தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வான். மறுநாள் அதைப் பார்த்து அம்மாவின் காதோரம் பாடுவான். எங்கள் பக்கத்து வரிசைக் கன்னட அம்மையார் ஒருநாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்து, எழுத்துத் தம்முடையதாகவும் சொற்கள் பிறருடையதாகவும் இருக்கக் கண்டு வியந்துபோனார். தமிழ் ஞாயிறு பள்ளியில் 2008ஆம் ஆண்டு பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் தமிழ் வேதாகமத்தை எழுத்துக் கூட்டாமல் வாசித்தவர்கள் மூவர். மற்றவர்களின் பெற்றோர் அடுத்த ஆண்டு ஆங்கில ஆராதனைக்கு மாறினர். குற்றஞ்சொல்ல எனக்கு என்ன உரிமை? என் வீட்டிலும் எழுத்து இல்லையே.

ஆள் குறையக் குறைய, தமிழ் ஆராதனையின் நேரம் முன்னுக்குப் போயிற்று. நாங்கள் சேர்ந்தபோது ஒன்பதரை மணி. பிறகு எட்டரை. பிறகு ஏழரை. நல்ல நேரம் கூட்டம் அதிகமுள்ள மொழிக்குத் தரப்பட்டது. நிர்வாகத்தின் பார்வையில் அது நியாயமே. முதல் பேருந்துக்காகக் குளிரில் நிற்பவர்கள் முதியவர்கள்.

2013 ஜனவரியில் ஒரு விடியற்காலை அம்மா மரித்தார்கள். எங்கள் போதகர் உடனே வந்து ஜெபித்தார். உண்மையான பரிவோடு நடந்துகொண்டார். ஆனால் எங்கள் சபைக்குக் கல்லறை நிலம் இல்லை. இது நம்முடைய சபைகள் பலவற்றுக்கும் உள்ள குறை என்பது நகரத்தில் வாழும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஓசூர் சாலையிலாகட்டும், கல்பள்ளியிலாகட்டும், பெங்களூருவின் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் நெருங்கிப்போய்விட்டன. பல குடும்பங்கள் தாத்தாவின் குழியிலேயே பேரனையும் அடக்கம்பண்ணுகிறார்கள். தாத்தா இல்லாத ஊரில் நாம் எங்கே போவது? எந்தச் சபை என்ற கேள்விக்கு யாராவது கடிதம் தர வேண்டும்.

ஆயருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் மாற்றலாகி வந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. அம்மாவை அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஏட்டில் பெயர் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கடிதம் வந்தது. கோயில்பிள்ளை கொண்டுவந்தபோது, சந்தா அட்டையையும் சேர்த்துக் காண்பித்தார். அந்த ஆண்டு டிசம்பர் வரைக்கும் அம்மா முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். புத்தாண்டு ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் கட்டியிருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை.

அடக்க ஆராதனையில் ஆயரும் எங்கள் போதகரும் குழியின் இரு பக்கத்திலும் நின்றார்கள். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். சாத்தான்குளத்துத் தம்பி மண்வெட்டியை வாங்கி மண் தள்ளினார். சங்கத்துப் பெண்கள் பாடினார்கள். என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. நோட்டைப் பார்க்காமலே பாடினான்.

சில வாரங்கள் கழித்து ஏட்டில் பெயரை முடித்துவைக்க ஆலய அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, தேதியிட்டார். "உங்கள் பெயரை எழுதட்டுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் போகும் சபை இன்னதென்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பையன் வரட்டும்" என்றார்.

பையன் இப்போது வேலைக்குப் போகிறான். நாங்கள் எங்கள் சபையில்தான் ஆராதிக்கிறோம். ஸ்தோத்திரப் பண்டிகையன்று மாத்திரம் இரண்டு பேரும் அங்கே போகிறோம். கருப்பட்டி வந்தால் அவன் கை தூக்குகிறான். இவ்வாண்டு எழுத்து கற்றுக்கொள்ள ஒரு தமிழ் அரிச்சுவடி வாங்கியிருக்கிறான். எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்க வேண்டும்.

நீங்களும் போக விரும்பினால், எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி நான் சொன்ன வழியில் நடந்து பாருங்கள். சிவாஜிநகருக்குப் பேருந்து எந்தத் திசையிலிருந்தும் கிடைக்கும். வயதான தாய் தகப்பனை அழைத்துப் போகிறவர்கள், ஊரிலிருந்து கடிதம் வாங்கிவரச் சொல்லுங்கள்; இல்லாவிட்டாலும் ஆயரைப் பார்த்துப் பேசுங்கள். தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று முந்தின வாரமே வாசல் பலகையில் பார்த்துக்கொள்வது நல்லது. நேரம் மாறியிருக்கக்கூடும்.